பெரியப்பா உயிரோட தான் இருக்காரு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டுல இருந்தே சம்பாதிக்கிறது எப்படின்னு அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. டிசைனிங், ட்ரான்ஸ்லேஷன், டைப்பிங், ட்யூஷன் எல்லாம் வந்திருந்துச்சு, என்னென்ன தேவைன்னு கட்டம் கட்டி லேப்டாப், நல்ல நெட் கனெக்‌ஷன், பொறுமைன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா நான் மதுரைல பதினோரு வருஷமா இந்த ப்ரீலான்ஸ் பொழப்பு தான் பாக்குறேன், லேப்டாப்புக்கும் முன்னாடி வாங்க வேண்டிய ஒண்ணு அந்தக் கட்டத்துல இல்ல. இன்னொரு சிம் கார்டு. மொத கஸ்டமர் போன் பண்றதுக்கு முன்னாடியே வாங்கிரணும், அதுக்கப்புறம் வாங்கினா என்ன பாடுன்னு சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிக்கங்க.

நான் பண்றது போஸ்டர், பிளக்ஸ், பத்திரிகை டிசைன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு எல்லாம் வரும், ஆனா அடுப்பு எரியறது கண்ணீர் அஞ்சலில தான். எங்க பக்கம் ஒருத்தர் செத்தா விடியறதுக்குள்ள போஸ்டர் சுவத்துல இருக்கணும். ராத்திரி பத்து பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல போட்டோ வரும், அதுவும் எப்படி வரும்னா ஏதோ ஒரு கல்யாணத்துல பந்தில உக்காந்து சாப்பிடும்போது எடுத்தது, பக்கத்துல ரெண்டு பேரு தலை, கையில அப்பளம். அதுல இருந்து முகத்தை மட்டும் வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, நெத்தில விபூதி வச்சு, தோற்றம் மறைவு தேதி போட்டு, கீழ கண்ணீருடன்னு ஆரம்பிச்சு மகன்கள் மருமகள்கள் பேரன் பேத்தி பேரை யாரும் விட்டுப்போகாம அடிச்சு (ஒரு பேரு விட்டுப்போனா எழவு வீட்டுலயே சண்டை வந்துரும்), ப்ரூப் அனுப்பி ஓகே வாங்கி பிரஸ்ஸுக்கு ஏத்தணும். ரெண்டு மணி ஆயிரும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மார்கழி ராத்திரி அப்படி ஒரு ப்ரூப் ரெடி பண்ணேன். இறந்தவரு பேரும் எங்க பெரியப்பா பேரும் ஒண்ணு. இனிஷியல் கூட ஒண்ணு. அப்ப எனக்கு இருந்தது ஒரே நம்பர் ஒரே வாட்ஸ்அப், கஸ்டமர் சாட்டுக்கு மேலயே எங்க குடும்ப குரூப்பு இருந்துச்சு, தூக்க கலக்கத்துல எந்த இடத்துல விரல் பட்டுச்சோ, ப்ரூப் நேரா குடும்ப குரூப்புக்கு போயிருச்சு. வெறும் படமா போயிருந்தா கூட தப்பிச்சிருப்பேன், அதுக்குக் கீழ நான் எழுதுனது இது தான்: "அண்ணே பேரு வயசு சரியா பாத்துக்கங்க, காலைல 10 மணிக்கு அடக்கம்னு போட்டிருக்கேன்." அனுப்பிட்டு போனை சார்ஜ்ல போட்டுட்டு ஓகே வர்ற வரைக்கும் கண்ணை மூடுவோம்னு படுத்தவன் தான்.

எங்க வீட்டு பெருசுங்க போன்ல படம் தானா டவுன்லோட் ஆகாது, டேட்டா போயிரும்னு பசங்க ஆப் பண்ணி வச்சிருப்பாய்ங்க. அதனால படம் மங்கலா கலங்கலா தெரியும், கீழ இருக்கிற எழுத்து மட்டும் பளிச்சுன்னு தெரியும். இன்னொரு குரூப்புல யாரோ அதை பார்வர்டு வேற பண்ணிருக்காங்க. காலைல அஞ்சரைக்கு என் வீட்டம்மா என்னைப் புடிச்சு உலுக்குது, போன்ல நாப்பத்தி மூணு மிஸ்டு கால். திருப்பூர்ல இருந்து சித்தப்பா குடும்பத்தோட பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் தாண்டிட்டாரு. தேனில அத்தை அழுத அழுகைல தெருவே கூடிருச்சு. உசிலம்பட்டில இருக்கிற மச்சான் ஒருத்தரு ஆள் அனுப்பாம தானே பைக்கை எடுத்துட்டு மாலையோட போய் பெரியப்பா வீட்டு கதவைத் தட்டிருக்காரு, கதவைத் திறந்தது பெரியப்பா. வாயில வேப்பங்குச்சி.

அவரு கோவப்படல, அது வேற விஷயம். படத்தை போன்ல பெருசாக்கி பாத்துட்டு, பின்னாடி அந்த மேகம் சூரியன் எல்லாம் நல்லா தான் இருக்கு, எனக்கும் இதையே போட்டுருன்னு சொல்லிட்டாரு. ஆனா அந்தப் பக்கம் உண்மையிலேயே சாவு நடந்த வீட்டுக்கு ப்ரூப் போகவே இல்ல. அவங்க விடிய விடிய என்னைக் கூப்பிட்டுருக்காங்க, அந்த நாப்பத்தி மூணுல பாதி அவங்க கால் தான், எங்க சொந்தக்காரங்க கால் நடுவுல எனக்கு அது தெரியவும் இல்ல. வேற ஆளை வச்சு அவசரத்துல ஏதோ அடிச்சு ஒட்டிருக்காங்க. அவங்க முகத்துல முழிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

இது என் கவனக்குறைவு தானே, பாத்து அனுப்ப வேண்டியது தானேன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கவனமா இருன்னு ஒருத்தனுக்கு சொல்றது நடக்கிற காரியமா, எழவு வீட்டு சாட்டும் குடும்ப குரூப்பும் ஒரே ஸ்கிரீன்ல ஒரு விரல் அகலத்துல இருந்தா என்னைக்காவது ஒரு நாள் இது நடக்கத்தான் செய்யும்.

எப்படி இப்படி கலந்துச்சுன்னு யோசிச்சா, யாருமே ஒரு நாள் உக்காந்து கலக்குறது இல்ல. மொத ஆர்டர் ப்ரெண்டு குடுப்பான், அவன்கிட்ட நம்ம நம்பர் ஏற்கனவே இருக்கும். அவன் மாமாவுக்கு குடுப்பான். அப்புறம் டிசைனர்கள் நாங்க ஒரு வேலை பண்ணுவோம், பிளக்ஸ் கீழ ஓரத்துல பொடி எழுத்துல டிசைன்னு போட்டு பேரும் செல் நம்பரும் போட்டுருவோம், விளம்பரத்துக்கு காசு கிடையாதுல்ல. அப்படி எட்டு வருஷமா என் சொந்த நம்பரை மதுரைல இருந்து சோழவந்தான் வரைக்கும் சுவரு சுவரா நானே ஒட்டி வச்சிருக்கேன். பொண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்ட அதே நம்பர். பாங்க் ஓடிபி வர்ற அதே நம்பர். அது மேல மாட்டு மூத்திரம் தெளிச்சிருக்கும், பாதி கிழிஞ்சிருக்கும், ஆனா நம்பர் மட்டும் கிழியாது.

அடுத்தது போட்டோ. வாட்ஸ்அப்ல வர்ற படம் எல்லாம் கேலரில தானா விழுந்துரும், அதை மாத்தலாம்னே எனக்கு பல வருஷம் தெரியாது. பொண்ணு பொறந்தநாளுக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்கும்போது போன வருஷ போட்டோவை டிவில காட்டுறேன்னு ஓட்டினேன், கேக்கு வெட்டுறது, தொப்பி போட்டது, பலூன், அடுத்து மாலை போட்ட ஒரு பெரியவரு முகம் நாப்பத்தி மூணு இஞ்சுல. எங்கம்மா எந்திரிச்சு சாமி ரூமுக்கு போயிருச்சு.

இதுல சிரிக்கிறதுக்கு இருக்கு. சிரிக்க முடியாதது ஒண்ணும் இருக்கு, அதை யாரும் பேசுறது இல்ல. சடங்கு பிளக்ஸுக்கு பன்னெண்டு பதிமூணு வயசு பொண்ணுங்க போட்டோவை அவங்க அப்பா அம்மா நம்பி அனுப்புறாங்க, ஒண்ணு ரெண்டு இல்ல, செலக்ட் பண்ணிக்கங்கன்னு முப்பது நாப்பது. அது எல்லாம் என் போன்ல கிடக்கு, அந்தப் போனை என் மச்சினன் மகன் கேம் ஆட வாங்குறான், அவன் கேலரியைத் தள்ளி தள்ளி பாக்குறான். ஒரு நாள் அதைப் பாத்ததும் எனக்கு கை காலெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அது என் வீட்டு சொத்து இல்லையே, அடுத்தவன் வீட்டுப் பிள்ளை போட்டோ. வேலையையும் வீட்டையும் பிரிச்சு வையின்னு சொன்னா எல்லாரும் நம்ம நிம்மதிக்குன்னு தான் சொல்றாங்க, கஸ்டமருக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு சார். 2023ல பார்லிமெண்ட்ல டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, அது பெரிய பெரிய கம்பெனியைப் பத்தி தான்னு நம்ம ஆளுங்க நெனச்சுக்கிறாங்க. சட்டம் கெடக்கட்டும், முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

பைல் வைக்கிற இடமும் ஒரு பிரச்சனை. கூகுள் ஓசியா குடுக்கிறது 15 ஜிபி, அது ஜிமெயிலுக்கும் ட்ரைவுக்கும் போட்டோஸுக்கும் சேத்து. முன்ன போட்டோவுக்கு கணக்கே இல்லாம இருந்துச்சு, 2021 ஜூன் 1ல இருந்து அதையும் கணக்குல சேத்துட்டாங்க, இப்ப வாட்ஸ்அப் பேக்கப்பும் அதுலயே ஏறுது. என்னை மாதிரி ஆளு நாலு போட்டோஷாப் பைலை ட்ரைவ்ல ஏத்தினா முடிஞ்சுது. ரொம்பிருச்சுன்னா மெயில் உள்ளயே வராது, இது பல பேருக்கு தெரியாது. யாரோ ஒருத்தரோட கடை திறப்பு பேனர் பைல் என் மெயில்பாக்ஸை அடைச்சுக்கிட்டு, என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்த மெயில் ரெண்டு வாரம் வராம போச்சு, பீஸ் கட்ட கடைசி தேதியும் தாண்டிருச்சு. அன்னைக்கு தான் வேலைக்கு தனியா ஒரு மெயில் ஐடி போட்டேன். ஓசி தான், அஞ்சு நிமிஷ வேலை, அதை எட்டு வருஷம் பண்ணாம இருந்திருக்கேன் பாருங்க.

காசு விஷயத்துக்கு வர்றேன். ஜிபேல கஸ்டமர் போடுற ஐநூறும் எண்ணூறும் வீட்டு செலவு அக்கவுண்ட்லயே விழுந்துக்கிட்டு இருந்துச்சு. பொண்ணு காதுகுத்துக்கு பாதிப் பேரு மொய்யையும் ஜிபேலயே போட்டு விட்டுட்டாங்க. ஜூலைல ரிட்டர்ன் பைல் பண்ண ஆடிட்டர்கிட்ட ஸ்டேட்மெண்ட் குடுத்தா, மனுஷன் ஒவ்வொண்ணா பென்சில்ல சுழிச்சு இது என்ன இது என்னன்னு கேக்குறாரு. எது மொய் எது வேலைன்னு எனக்கே தெரியல. நோட்டைப் பாத்து சொல்றேன்னு வீட்டுக்கு போய் மொய் நோட்டை எடுத்துட்டு வந்து ரெண்டு பேரும் உக்காந்து டிக் அடிச்சோம். வெளியூர் ஏஜென்சிக்கு பண்ணுன வேலைக்கு டிடிஎஸ்னு வரியை முன்கூட்டியே புடிச்சிருந்தாங்க, வருமான வரி ஆபீஸ் கணக்குத் தாளான 26ஏஎஸ்ல அது இருக்கு, எந்த வரவுக்கு எதிரா புடிச்சதுன்னு கண்டுபுடிக்க ஒரு நாள் போச்சு.

அதை விட மோசம் என் கூட்டாளி ஒருத்தனுக்கு நடந்தது. போட்டோ எடிட்டிங் பண்றவன். ஆன்லைன்ல முகம் தெரியாத ஒருத்தன் ஆயிரத்து எண்ணூறு ரூபா வேலை குடுத்தான், காசும் போட்டான். அது யாரையோ ஏமாத்துன காசாம், ஏமாந்தவன் வேற ஸ்டேட்ல சைபர் க்ரைம்ல புகார் குடுக்க, காசு போன தடத்தைப் புடிச்சுக்கிட்டே வந்து இவன் அக்கவுண்டை முடக்கிட்டாங்க. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு மொத்த அக்கவுண்டும் லாக். அதுல அவன் அம்மா டயாலிசிஸ்க்கு வச்சிருந்த காசு இருந்துச்சு. மெயில் மேல மெயில் போட்டு, பாங்குக்கு நடையா நடந்து எடுத்து விடுறதுக்குள்ள கடன் வாங்கித்தான் ஆஸ்பத்திரிக்கு கட்டினான். வேலைக்கு வர்ற காசுக்கு தனி அக்கவுண்ட் வச்சு அதுல அப்பப்ப வழிச்சு எடுத்துருந்தா லாக் ஆனாலும் வீட்டுச் செலவு நிக்காது. புது ஆளுங்க இந்த ஒண்ணையாவது கேட்டுக்கங்க.

சரி, பெரியப்பா விவகாரத்துக்கு அப்புறம் நான் என்ன பண்ணேன்னு சொல்றேன். மொதல்ல வேலைக்கு புது நம்பர் வாங்கினேன். வேலைக்கு ஆகல. சுவத்துல இருக்கிறது பழைய நம்பர், ஊரே அதுக்குத்தான் கூப்பிடுது, புது நம்பர் சும்மா கிடக்குது. ரெண்டு மாசம் கழிச்சு தான் புத்தில உறைச்சுது, வேலையை எடுத்து வெளிய வைக்க முடியாது, வீட்டைத்தான் எடுத்து வெளிய வைக்கணும். பழைய நம்பரை வேலைக்கே விட்டுட்டு, வீட்டுக்கு தான் புது நம்பர். கேக்க ஈசியா இருக்கும். பழைய நம்பர் எங்கெங்க குடுத்திருக்கோம்னு எழுத உக்காந்தா ஆதார், பாங்கு ரெண்டு, பான், கேஸ், ரேஷன் கார்டு, ஈபி, எல்ஐசி, ஸ்கூலு, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், அம்மா சுகர் பாக்குற கிளினிக்கு. ஆதாருக்கு சென்டர்ல போய் அரை நாள் வரிசைல நின்னேன், பாங்குல பாரம் எழுதிக் குடுத்தேன், மொத்தம் மூணு மாசம் ஆச்சு. எங்கம்மாவுக்கு மட்டும் இன்னும் பழகல, அது மனப்பாடமா சொல்ற ஒரே நம்பர் என் பழைய நம்பர் தான், அதை மாத்திட்டியேடான்னு இன்னைக்கும் சொல்லும்.

பழைய நம்பர்ல வாட்ஸ்அப் பிசினஸ் போட்டேன். அது இந்தியாவுக்கு 2018லயே வந்துருச்சு, ஓசி தான், ஐகான்ல பி போட்டிருக்கும், ராத்திரி மெசேஜ் வந்தா தானா ஒரு பதில் போற மாதிரி வைக்கலாம். தனி ஆப்பு, பழைய நம்பரை குடும்ப குரூப்புல இருந்தும் எடுத்துட்டேன், அதனால குடும்ப குரூப்பு அதுக்குள்ள இருக்கவே இருக்காது, விரல் எங்க பட்டாலும் எழவு எழவு வீட்டுக்குத்தான் போகும். 2023ல இருந்து சாதா வாட்ஸ்அப்லயே ரெண்டு அக்கவுண்ட் வைக்கலாம்னு வந்துருக்கு, ஆனா அதுல மறுபடி ரெண்டும் ஒரே பச்சை ஐகான் தான், சூடு பட்ட பூனை நான், எனக்கு வேணாம். கேலரில படம் விழுகுறதை அணைச்சேன். லேப்டாப்ல பொண்ணுக்கு தனி யூசர், குரோம்ல வேலைக்கு தனி ப்ரொபைல். டெலிவரி முடிஞ்சு மூணு மாசம் ஆனா சடங்கு போட்டோ எல்லாம் அழிச்சுருவேன், இதை கஸ்டமர்கிட்டயும் சொல்லிருவேன், சில பேரு அதுக்காகவே வர்றாங்க.

ராத்திரி போனை ஆப் பண்ண முடியுமான்னா, என் தொழிலுக்கு முடியாது. சாவுக்கு நேரம் காலம் கிடையாது. ஆனா ஒண்ணு கவனிச்சேன், எழவு வீட்டுக்காரங்க ராத்திரில கால் பண்ணுவாங்க, மெசேஜ் போட்டுட்டு காத்திருக்க மாட்டாங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு "ஹாய் ப்ரோ லோகோ என்ன ரேட்டு"ன்னு மெசேஜ் போடுறவன் அவசரக்காரன் இல்ல, தூக்கம் வராதவன். அதனால ஒம்பது மணிக்கு மேல பழைய நம்பர்ல கால் மட்டும் சத்தம் போடும், மெசேஜ் சத்தம் போடாது. இது ஒண்ணுலயே பாதி தூக்கம் திரும்பக் கிடைச்சுது.

நஷ்டமே இல்லையான்னா இருக்கு. முன்ன பொண்ணு பர்த்டேன்னு ஸ்டேட்டஸ் போட்டா கஸ்டமர் வாழ்த்து சொல்லுவான், அப்படியே அண்ணே நம்ம கடைக்கும் ஒரு பேனர்னு ஆரம்பிப்பான். அந்த மாதிரி ஆர்டர் கொஞ்சம் கொறஞ்சுருச்சு, ஒத்துக்கிறேன். என் கூட்டாளி சொல்றான், நம்ம ஊர்ல தொழிலே பழக்கத்துல தான் ஓடுது, நீ என்ன கார்ப்பரேட்டா கதவை அடைக்கிறதுக்குன்னு. அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அதே ஸ்டேட்டஸ்ல தான் ஒரு தடவை, காய்ச்சல்னு சொல்லி வேலையை ரெண்டு நாள் தள்ளிப் போட்டுட்டு கொடைக்கானல் போன கதையும் வெளிய வந்துச்சு. போட்டது நான் இல்ல, என் போனை வாங்கி என் மச்சினன் போட்டான், பேக்ரவுண்ட்ல தூண்பாறை.

வேலை நேரம் முடிஞ்சா போனை எடுக்காம இருக்கிற உரிமைன்னு பிரான்ஸ்ல 2017ல சட்டம் வந்துச்சு, ஆஸ்திரேலியால 2024ல வந்துச்சு. நம்ம லோக்சபால எம்பி சுப்ரியா சுலே அம்மா இதே உரிமைக்காக தனிநபர் மசோதா (அரசாங்கம் இல்லாம ஒரு எம்பியே கொண்டு வர்றது) கொண்டு வந்தாங்க, அப்படியே நிக்குது. வந்தாலும் அது சம்பளக்காரங்களுக்கு. நம்ம தமிழ்நாட்டுல 2023 கடைசில கிக் தொழிலாளர்களுக்குன்னு நல வாரியம் அமைச்சாங்க, அது சாப்பாடு கொண்டு போற தம்பிகளுக்கு, டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு, நல்ல விஷயம். எங்களுக்கு முதலாளியே கிடையாது, யாருக்கு எதிரா உரிமை கேக்க, நாங்களே ஒரு கதவைப் போட்டுக்கிட்டா தான் உண்டு.

அதனால அடுத்த தடவை அந்த மாதிரி கட்டம் கட்டினா லேப்டாப்புக்கு மேல ரெண்டாவது சிம்முன்னு போடுங்க, அதுக்குக் கீழ தனி மெயில், தனி அக்கவுண்ட். எல்லாம் சேத்து மாசம் ஒரு ரீசார்ஜ் செலவு தான், படிக்கிற பசங்க இப்பவே பண்ணிட்டா ஆதார் சென்டர்ல நிக்க வேண்டாம்.

லெட்டர் எழுதினா முகவரியும் போன் நம்பரும் எழுதணும்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கு, அதனால கீழ எழுதிருக்கேன். அது வீட்டு நம்பர் சார், தயவு செஞ்சு அச்சுல போட்டுறாதீங்க.

இப்படிக்கு,
ஒரு போஸ்டர் டிசைனர்,
மதுரை